பலகமும் பட்டியும்

நுழையும்முன்

அஞ்சறைப்பெட்டியில் கடுகு எந்தக் கிண்ணத்தில் இருக்கிறது என்று கண் தேடுவதில்லை, கை அறியும். எண்ணெய் காய்ந்துகொண்டிருக்கும்போது தேடுவதற்கு நேரமும் இராது. கணினித் திரையில் படங்களைத் திருத்துவோர்க்கும் அத்தகைய ஓர் ஒழுங்கு வேண்டும். அதன் ஒரு பகுதியை மென்பொருளே அமைத்துத் தருகிறது. எஞ்சியதை நாம் அமைத்துக்கொள்ள வேண்டும். கிம்ப் என்னும் கட்டற்ற மென்பொருளை எடுத்துக்காட்டாகக் கொண்டு இப்பாடம் அதனை விளக்குகிறது.

காணாமற்போன கருவிகள்

படம் திருத்தும் பயிற்சி நடைபெறும் நாள்களில் கணினி ஆய்வகத்தில் தவறாமல் எழும் குரல் ஒன்று உண்டு: “ஐயா, கருவிகளையெல்லாம் காணவில்லை!” அருகில் சென்று பார்த்தால் திரையில் படம் மட்டும் தனித்து நிற்கும். இடப்பக்கம் இருந்த கருவிப்பெட்டியும் வலப்பக்கம் இருந்த பலகங்களும் இரா. மென்பொருள் பழுதுபட்டுவிட்டது என்று அஞ்சிச் சிலர் கணினியையே அணைத்துவிடுவர். அதுவரை செய்த வேலை அத்துடன் போய்விடும்.

நடந்தது இவ்வளவே: ‘டேப்’ விசை தெரியாமல் அழுந்தியிருக்கிறது. கிம்ப் மென்பொருளில் இவ்விசை பக்கவாட்டிலுள்ள பலகங்கள் அனைத்தையும் ஒருசேர மறைக்கும். மீண்டும் அழுத்தினால் அவற்றை முன்பிருந்த இடத்திலேயே கொண்டுவந்து நிறுத்தும். ஃபோட்டோஷாப் மென்பொருளிலும் இவ்விசைக்கு ஏறத்தாழ இதே பணிதான். படத்தைத் தடையின்றி விரித்துப் பார்ப்பதற்கென்றே ஏற்படுத்தப்பட்ட வசதி இது.

பலகம் மறைவது வேறு, மூடப்படுவது வேறு. மூடப்பட்ட பலகத்தை ‘டேப்’ விசை திரும்பக் கொண்டுவராது. அதற்கு ‘விண்டோஸ்’ பட்டியைத் திறந்து ‘டாக்கபிள் டயலாக்ஸ்’ என்னும் உட்பட்டிக்குச் செல்ல வேண்டும். கிம்ப்பில் உள்ள பலகங்கள் அனைத்தின் பெயர்களும் அங்கே வரிசையாக இருக்கும். வேண்டியதைச் சொடுக்கினால் அது மீண்டும் தோன்றும். அண்மையில் மூடியவற்றை மட்டும் காட்டும் ‘ரீசன்ட்லி க்ளோஸ்டு டாக்ஸ்’ என்னும் உட்பட்டியும் அதே பட்டியில் உண்டு. மென்பொருளிலிருந்து எந்தப் பலகமும் அழிந்துவிடுவதில்லை என்பதை முதலிலேயே அறிந்துகொண்டால், திரையை மாற்றியமைக்கும் துணிவு தானாக வரும்.

ஏவுவதும் காட்டுவதும்

பட்டியும் பலகமும் ஒரே வேலையை இரண்டு இடங்களில் செய்பவை என்று பலரும் எண்ணுகின்றனர். அவ்வாறு எண்ணுவதால்தான் ‘இடத்தை அடைக்கிறது’ என்று பலகங்களை மூடிவிடுகின்றனர். இரண்டின் இயல்பும் வேறு. பட்டி என்பது ஏவல். திறக்கிறோம், ஒரு கட்டளையைத் தேர்கிறோம், உடனே அது மூடிக்கொள்கிறது. படத்தைச் சுழற்று, அளவை மாற்று, நிறத்தை நீக்கு என்பன போன்ற, எப்போதாவது ஒருமுறை இடும் கட்டளைகளுக்கு அது பொருத்தமானது.

பலகமோ திறந்தே இருப்பது. கட்டளைகளை ஏற்றுக்கொள்வதோடு, இந்த நொடியில் மென்பொருள் எந்த நிலையில் இருக்கிறது என்பதையும் அது காட்டிக்கொண்டே இருக்கிறது. எந்த அடுக்கின்மீது வேலை நடக்கிறது, தூரிகையின் பருமன் என்ன, அதன் ஒளிபுகாமை எத்தனை விழுக்காடு, இதுவரை என்னென்ன செய்திருக்கிறோம் என்பனவற்றையெல்லாம் பலகங்களே கூறுகின்றன. பேருந்து ஓட்டுநரின் முன்னுள்ள அளவுமானிகளைப் போன்றவை அவை. அவற்றைத் துணியால் மூடிவிட்டாலும் வண்டி ஓடும். எரிபொருள் தீரும்போதுதான் மூடியது தெரியும்.

கருவிப்பெட்டி திரையின் இடப்பக்கத்தில் இருப்பதற்கு ஒரு வரலாறு உண்டு. 1984இல் ஆப்பிள் நிறுவனம் மெக்கின்டாஷ் கணினியுடன் வழங்கிய மேக்பெயின்ட் மென்பொருளில், பில் அட்கின்சன் கருவிகளைத் திரையின் இடப்பக்கத்தில் இரண்டு வரிசைகளாக அடுக்கினார். வண்ண வாளி, சுருக்குக் கயிறு, பென்சில், அழிப்பான் ஆகிய சிறு உருவங்கள் அதில் இருந்தன. நாற்பது ஆண்டுகளுக்குப் பின்னும் ஏறத்தாழ அதே உருவங்களை அதே பக்கத்தில் காண்கிறோம். இடக்கைப் பழக்கமுடைய ஒருவர் கருவிப்பெட்டியை வலப்பக்கத்திற்கு மாற்றிக்கொள்ள விரும்பினால் அதைத் தடுக்கும் விதி எதுவுமில்லை.

கிம்ப், அமெரிக்காவின் பெர்க்லி நகரிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் மாணவர்களான ஸ்பென்சர் கிம்பல், பீட்டர் மேட்டிஸ் ஆகிய இருவரால் 1995இல் தொடங்கப்பட்டது. 1996இல் பொதுமக்களின் பயன்பாட்டுக்கு வந்தது. நெடுங்காலம் அதன் கருவிப்பெட்டி ஒரு சாளரமாகவும், பலகங்கள் வேறு சாளரங்களாகவும், படம் மற்றொரு சாளரமாகவும் சிதறிக் கிடந்தன. ஒன்றன் பின்னே மற்றொன்று ஒளிந்துகொள்ளும். பழகியவர்கள் அதனை விரும்பினர்; புதியவர்கள் திணறினர். 2012இல் வெளிவந்த 2.8 பதிப்பில்தான் அனைத்தையும் ஒன்றாக இணைக்கும் ஒற்றைச் சாளர முறை வந்தது. 2018இல் வெளிவந்த 2.10 பதிப்பில் அதுவே இயல்புநிலை ஆயிற்று. இப்பாடத்தில் வரும் பட்டிப் பெயர்கள் 2.10 பதிப்பைச் சார்ந்தவை. 2025இல் வெளியான 3.0 பதிப்பிலும் பெரும்பாலும் இவற்றையே காணலாம்.

தெரியுமா?
கிம்ப்பில் செய்யும் வேலையைச் சேமிக்கும்போது கோப்பின் பெயர் ‘எக்ஸ்சிஎஃப்’ என முடியும். பெர்க்லியில் கிம்பலும் மேட்டிஸும் சேர்ந்திருந்த மாணவர் கணினிக் குழுவின் பெயர்ச்சுருக்கமே அது. கிம்ப்பின் பொத்தான்களையும் பட்டிகளையும் வரைவதற்காக அவர்கள் உருவாக்கிய ஜிடிகே என்னும் நிரல்தொகுப்பு, பின்னாளில் லினக்ஸ் கணினிகளில் பரவலாகப் பயன்படும் க்னோம் பணித்திரைக்கு அடித்தளம் ஆனது.

ஒரு பழைய நிழற்படம்

வீட்டில் தாத்தா பாட்டியின் திருமண நிழற்படம் ஒன்று இருக்கிறது என்று கொள்வோம். படி ஒன்றே ஒன்றுதான், படச்சுருள் இல்லை. நடுவில் மடிப்பு விழுந்து, ஈரத்தால் ஓரங்களில் பூஞ்சைப் புள்ளிகள் படர்ந்திருக்கின்றன. அதனை வருடி மூலம் கணினியில் ஏற்றிச் சீர்செய்ய வேண்டும். மடிப்பு பாட்டியின் கன்னத்தின் வழியே செல்கிறது. இங்கே செய்யும் பிழை ஒருவரின் முகத்தை மாற்றிவிடும்.

இந்த வேலைக்குத் திரை எவ்வாறு இருக்க வேண்டும்? கிம்ப்பை முதன்முதலில் திறக்கும்போது இடப்பக்கம் மேலே கருவிப்பெட்டியும் அதன்கீழ்க் கருவியின் விருப்பங்களைக் காட்டும் ‘டூல் ஆப்ஷன்ஸ்’ பலகமும் இருக்கும். இந்த விருப்பப் பலகத்தின் பின்னே, தாவல்களாக, வேறு சில பலகங்கள் மறைந்திருக்கும். செய்த செயல்களை வரிசையாகக் காட்டும் ‘அன்டூ ஹிஸ்டரி’ அவற்றுள் ஒன்று. வலப்பக்கம் மேலே தூரிகைகள், கோலங்கள், எழுத்துருக்கள் ஆகியவற்றின் பலகங்கள். கீழே அடுக்குகளின் பலகம். ஓவியம் வரைபவருக்கோ சுவரொட்டி வடிவமைப்பவருக்கோ இவ்வமைப்பு பொருந்தும். பழைய நிழற்படத்தைச் சீர்செய்பவருக்கு எழுத்துருக்களால் பயனில்லை, கோலங்களாலும் இல்லை. ஆயினும் திரையின் மிக நல்ல இடத்தில் அவை அமர்ந்திருக்கின்றன.

ஒவ்வொரு பலகத் தொகுதியின் மேல் வலமூலையிலும் சிறிய முக்கோணம் தாங்கிய பொத்தான் ஒன்று காணப்படும். பலரும் அதனைக் கவனிப்பதே இல்லை. அதைச் சொடுக்கினால் அந்தப் பலகத்திற்குரிய தனிப்பட்டி திறக்கும். புதிய தாவலைச் சேர்ப்பது, இருக்கும் தாவலை மூடுவது, தனிச் சாளரமாகப் பிரிப்பது, தாவலில் உருவம் வேண்டுமா எழுத்து வேண்டுமா என முடிவுசெய்வது ஆகிய அனைத்தும் அங்கேயே உள்ளன. இதன்வழியே கோலங்களையும் எழுத்துருக்களையும் மூடிவிடலாம். அடுத்து, இடப்பக்கம் மறைந்திருந்த ‘அன்டூ ஹிஸ்டரி’ தாவலைச் சுட்டியால் பிடித்து வலப்பக்க மேல்தொகுதிக்கு இழுத்துவர வேண்டும். மற்றத் தாவல்களின் வரிசையில் விட்டால் அவற்றுள் ஒன்றாகச் சேரும். தொகுதியின் விளிம்பிலுள்ள மெல்லிய பட்டையின்மேல் கொண்டுசென்றால் அப்பட்டை ஒளிரும். அப்போது விட்டால் தனித் தொகுதியாக நிற்கும். எப்போதும் கண்ணில் பட வேண்டிய பலகத்தைத் தனித் தொகுதியாக நிறுத்துவதே நன்று. தாவலின் பின்னே ஒளிந்த பலகம் மூடிய பலகத்திற்கு ஒப்பானது.

அதனருகே ‘நேவிகேஷன்’ என்னும் வழிகாட்டும் பலகத்தையும் சேர்த்துக்கொள்ளலாம். கன்னத்தின் மடிப்பைச் சரிசெய்யும்போது படத்தை நான்கு மடங்கு பெரிதாக்கிப் பார்ப்போம். அந்நிலையில் திரையில் தெரிவது சாம்பல் நிறப் படப்புள்ளிகளின் கூட்டம் மட்டுமே. அது மூக்கா, மூக்குத்தியின் நிழலா என்று சொல்ல முடியாது. முழுப்படத்தையும் சிறிதாகக் காட்டி, நாம் இருக்கும் இடத்தைச் சட்டமிட்டுக் காட்டும் இப்பலகம் அப்போது பெருந்துணை.

இனி வேலையைத் தொடங்கலாம். முதலில், வருடிய படத்தைத் தொடாமல் அதன் மேலே வெறுமையான புதிய அடுக்கு ஒன்றைச் சேர்க்கிறோம். திருத்தங்கள் அனைத்தும் அதன்மீது நிகழும். மேலடுக்கிற்கு நேரே உள்ள கண் உருவத்தைச் சொடுக்கி அதனை மறைத்தால் பழைய படம் அப்படியே தெரியும். மீண்டும் சொடுக்கினால் திருத்திய படம். அடுத்து, குளோன் என்னும் நகல் கருவியை எடுத்து, ‘கண்ட்ரோல்’ விசையை அழுத்தியபடி கன்னத்தின் பழுதற்ற பகுதியில் சொடுக்கி, மடிப்பின்மேல் மெல்லத் தீட்டுகிறோம். எதுவும் நிகழவில்லை. மீண்டும் தீட்டுகிறோம், தூரிகை நகர்கிறது, மடிப்பு அப்படியே இருக்கிறது.

பெரும்பாலோர் கைவிடும் இடம் இது. காரணம் இடப்பக்க விருப்பப் பலகத்தில் எழுதப்பட்டிருக்கிறது. ‘சாம்பிள் மெர்ஜ்டு’ என்னும் பெட்டியில் குறி இடப்படவில்லை. அக்குறி இல்லாதபோது நகல் கருவி, நாம் நிற்கும் அடுக்கிலிருந்து மட்டுமே வண்ணத்தை எடுக்கும். நாம் நிற்பதோ வெறுமையான அடுக்கு. வெறுமையிலிருந்து வெறுமையை எடுத்து வெறுமையின்மீது தீட்டிக்கொண்டிருக்கிறோம். குறியிட்டால், கண்ணுக்குத் தெரியும் அடுக்குகள் அனைத்தின் சேர்க்கையிலிருந்தும் வண்ணத்தை எடுக்கத் தொடங்கும். விருப்பப் பலகம் மூடிக் கிடந்தால் இதனைக் கண்டுபிடிப்பது அரிது.

இதற்கு நேர்மாறான ஆபத்தும் உண்டு. அது இன்னும் கொடியது. அடுக்குப் பலகம் கண்ணில் படாத நிலையில் ஒருவர் கீழடுக்கையே தேர்ந்திருப்பார். தூரிகை நன்றாகவே வேலை செய்யும். மகிழ்ச்சியுடன் இரண்டு மணிநேரம் உழைப்பார். ஆனால் மாறிக்கொண்டிருப்பது மூலப்படம். திருத்தியதைத் திரும்பப் பெறலாம் என்று நினைத்தாலும், செயல் வரலாறு கோப்புடன் சேமிக்கப்படுவதில்லை. கிம்ப்பை மூடியதும் மறைந்துவிடும். எனவே கீழடுக்கைத் தேர்ந்து, அடுக்குப் பலகத்திலுள்ள பூட்டுக் குறியை முதலிலேயே சொடுக்கிவிடுவது நல்லது. தூரிகை பட்டாலும் பூட்டிய அடுக்கின் படப்புள்ளிகள் மாறமாட்டா. பலகங்களை இவ்வாறு அமைத்தபின் அவையே இடம்பெயராமல் இருக்கவும் வழி உண்டு. முக்கோணப் பொத்தானின் பட்டியிலுள்ள ‘லாக் டேப் டு டாக்’ என்பதைத் தேர்ந்தால், சுட்டி தவறி இழுத்தாலும் தாவல் நகராது.

கைக்கு அருகில்

1954இல் பால் ஃபிட்ஸ் என்னும் அமெரிக்க உளவியலாளர், கை ஓர் இலக்கை அடைய எடுக்கும் நேரம் அதன் தொலைவையும் அளவையும் பொறுத்தது என்பதைச் சோதனைகளால் நிறுவினார். தொலைவு கூடினால் நேரம் கூடும். இலக்கு சிறுத்தாலும் கூடும். கணினிச் சுட்டிக்கும் இவ்விதி பொருந்தும். படத்தின் நடுவே நிற்கும் சுட்டுக்குறியை உச்சியிலுள்ள பட்டிக்குக் கொண்டுசென்று மீண்டும் அதே புள்ளிக்கு வருவது ஒருமுறை என்றால் பெரிதன்று; நூறுமுறை என்றால் மணிக்கட்டு உணரும். கிம்ப்பில் படத்தின்மீது வலச்சொடுக்கினால், மேலுள்ள பட்டிகள் அனைத்தும் சுட்டுக்குறி நிற்கும் இடத்திலேயே விரிகின்றன. இங்குத் தொலைவு ஏறத்தாழ இல்லை.

அதனினும் விரைவானவை விசைகள். ‘பி’ என்பது தூரிகை, ‘சி’ என்பது நகல் கருவி, ‘எச்’ என்பது வடு ஆற்றும் கருவி, ‘இசட்’ என்பது உருப்பெருக்கி. சதுர அடைப்புக்குறி விசைகள் இரண்டும் தூரிகையைச் சிறிதாக்கவும் பெரிதாக்கவும் பயன்படுகின்றன. தமிழ்த் தட்டச்சு இயங்கிக்கொண்டிருக்கும்போது சில கணினிகளில் இவ்வெழுத்து விசைகள் வேலை செய்யாமற்போகும். உள்ளீட்டை ஆங்கிலத்திற்கு மாற்றினால் சரியாகும்.

சில கட்டளைகளுக்கு விசை ஒதுக்கப்படவில்லை. மங்கிய படத்தின் ஒளிநிழலைச் சரிசெய்ய உதவும் ‘கர்வ்ஸ்’ அவற்றுள் ஒன்று. ‘எடிட்’ பட்டியில் ‘கீபோர்டு ஷார்ட்கட்ஸ்’ என்பதைத் திறந்து, கட்டளையின் பெயரைத் தேடி, விரும்பிய விசைகளை அழுத்தினால் அவை அதற்கு உரியவை ஆகிவிடும். அவ்விசை வேறொரு கட்டளைக்கு உரியதாயின் கிம்ப் எச்சரிக்கும். மாற்றலாம் என்பதற்காக எல்லாவற்றையும் மாற்றிவிடுதல் தகாது என்பது என் கருத்து. சேமித்தல், நகலெடுத்தல், செயல்நீக்கல் ஆகியவற்றுக்குரிய விசைகள் பெரும்பாலான மென்பொருள்களுக்கும் பொதுவானவை. அவற்றை ஒன்றில் மட்டும் மாற்றினால் கை குழம்பும்.

பெயர் நினைவில் இருந்து இடம் மறந்துபோன கட்டளைக்கு, சாய்வுக்கோட்டு விசையை அழுத்துக. ஒரு தேடற்பெட்டி திறக்கும். சில எழுத்துகளைத் தட்டினாலே கட்டளை வந்து நிற்கும்.

‘எடிட்’ பட்டியின் ‘பிரிஃபரன்ஸஸ்’ பகுதியில் இடைமுகத்தின் மொழியையும் மாற்றலாம். மொழிகளின் வரிசையில் தமிழும் உண்டு. மென்பொருளை மூடித் திறந்தபின் மாற்றம் தெரியும். இன்னும் மொழிபெயர்க்கப்படாத சொற்கள் ஆங்கிலத்திலேயே தோன்றும்.

சட்டத்தின் நிறம்

பலகங்களின் பின்னணி நிறத்தை மாற்றுவது வெறும் அலங்காரம் போலத் தோன்றும். பாரிஸ் நகரின் கோபெலின் திரைச்சீலை நெசவுக்கூடத்தில் சாயப்பிரிவின் தலைவராக இருந்த செவ்ரல் என்னும் வேதியியலாளரிடம், கறுப்புச் சாயம் வெளிறித் தெரிகிறது என்ற முறையீடு வந்தது. ஆராய்ந்தபோது சாயத்தில் குறையில்லை. அருகிலிருந்த நூல்களின் நிறமே கறுப்பை அவ்வாறு காட்டியது. ஒரு நிறம் அண்டைநிறத்தால் மாறித் தோன்றும் என்னும் உண்மையை விளக்கி அவர் எழுதிய நூல் 1839இல் வெளியானது. திரையிலும் அப்படியே. மிகக் கரிய பலகங்களின் நடுவே படம் உள்ளதைவிட வெளிச்சமாகத் தோன்றும்; அதனை நம்பி நாம் இருட்டாக்குவோம்; அச்சிட்டபின் முகம் கறுத்திருக்கும். நிறத்தை மதிப்பிடும் வேலைக்கு நடுத்தரச் சாம்பல் நிறமே ஏற்றது. ‘பிரிஃபரன்ஸஸ்’ பகுதியில் ‘தீம்’ என்பதன்கீழ் அதனைத் தேர்ந்துகொள்ளலாம். இரவில் எழுத்துகளைப் படிக்கக் கறுப்புப் பின்னணி கண்ணுக்கு இதமாக இருக்கிறது என்பது வேறு செய்தி.

பலர் அமரும் மேசை

வீட்டுக் கணினியில் நம் விருப்பம்போல் அமைத்துக்கொள்ளலாம். பள்ளி ஆய்வகத்தில் ஒரே கணினியை ஒருவர்பின் ஒருவராகப் பயன்படுத்துகிறோம். அனைவரும் ஒரே பயனர் பெயரில் நுழைந்தால், மென்பொருளை மூடும்போது கிம்ப் பலகங்களின் இருப்பிடங்களைச் சேமித்துக்கொள்ளும். அடுத்து வருபவர் நம் அமைப்பையே காண்பார். நமக்கு வசதியாக மூடிவைத்த பலகம் அவருக்குக் காணாமற்போன பலகம்.

ஃபோட்டோஷாப்பில் அமைப்புகளைப் பெயரிட்டுச் சேமிக்கும் வசதி பட்டியிலேயே உண்டு. ‘விண்டோ’ பட்டியின் ‘ஒர்க்ஸ்பேஸ்’ பகுதியில் அவரவர் பெயரில் ஒன்றை வைத்துக்கொள்ளலாம். கிம்ப்பில் அவ்வாறு பட்டியில் இல்லை. ஆனால் கட்டளைவரியிலிருந்து அதனைத் தொடங்கும்போது ‘செஷன்’ என்னும் சொல்லுடன் ஒரு பெயரைக் கொடுத்தால், பலகங்களின் அமைப்பு அப்பெயரில் தனியே சேமிக்கப்படும். ஆய்வகத்தில் மாணவர் ஒவ்வொருவரும் தனிப் பயனர் பெயரில் நுழைய முடியுமானால் இந்தச் சிக்கலே எழாது.

இரண்டுக்கும் வழியில்லாத இடத்தில் ஒன்று செய்யலாம். வகுப்பு முடியும்போது ‘எடிட்’ பட்டியில் ‘பிரிஃபரன்ஸஸ்’ திறந்து, ‘விண்டோ மேனேஜ்மென்ட்’ என்னும் பக்கத்திற்குச் செல்க. சேமித்த இருப்பிடங்களை இயல்புநிலைக்குத் திருப்பும் பொத்தான் அங்கே உண்டு. அதைச் சொடுக்கியவுடன் திரையில் மாற்றம் எதுவும் தெரியாது. மென்பொருளை மூடி மறுமுறை திறக்கும்போதுதான் தொடக்கத்தில் இருந்த அமைப்பு திரும்பும். நீங்கள் எழுந்த நாற்காலியில் அடுத்து அமரும் மாணவர் தம் பலகங்களை அதிலிருந்து அடுக்கத் தொடங்குவார்.